குளோன் செய்த எஸ்எஸ்டி பூட் ஆகவில்லை: 0எக்ஸ்சி000000இ

கணக்கு எழுதுபவர்

வணக்கம். கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. லேப்டாப்பில் 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கொஞ்ச நாளாக ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம் என்கிற வேகம். டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சளில் எச்சரிக்கை காட்டியது, 'பெண்டிங் செக்டர்' (டிஸ்க் படிக்கத் திணறும் துண்டுகள்) எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு கடையில் கொடுத்து, அதே அளவு சாட்டா எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து, அதாவது குளோன் செய்து வாங்கினேன். "நடுவில் எர்ரர் வந்தது, ஸ்கிப் போட்டு முடித்துவிட்டோம்" என்றார்கள்.

எஸ்எஸ்டியை மாட்டினால் நீலத் திரையில் மேலே சொன்ன எண்தான் வருகிறது. பழைய டிஸ்கை மாட்டினால் தட்டுத் தடுமாறி விண்டோஸ் வந்துவிடுகிறது. ஜிஎஸ்டி கட்ட வேண்டிய தேதி நெருங்குகிறது. விண்டோஸைப் புதிதாகவே போட்டுவிடட்டுமா?

போர்டு ரிப்பேர்

வேண்டாம் சார், இது சின்ன விஷயம். இந்த எண் வந்தால், விண்டோஸைத் தொடங்கி வைக்கும் பூட் லோடர் வேலை செய்கிறது, ஆனால் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதியை) அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். பார்ட்டிஷன்களைத் தனித்தனியாக குளோன் செய்தால் அவற்றின் அடையாள எண் மாறிவிடும். பூட் பட்டியலோ இன்னும் பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்.

எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி, விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்யுங்கள். ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் கருப்புத் திரை வரும். அங்கே டிஸ்க்பார்ட் என்ற பார்ட்டிஷன் கருவிக்குள் போய், 100 எம்பி அளவில் ஃபேட்32 என்று காட்டும், பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுங்கள். அப்புறம் வெளியே வந்து, பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதும் பிசிடிபூட் கட்டளை. விண்டோஸ் ஃபோல்டர் எங்கே, பூட் ஃபைல்கள் எந்த டிரைவுக்குப் போக வேண்டும், வகை யூஇஎஃப்ஐ, இந்த மூன்றையும் அதில் சொல்ல வேண்டும். பென்டிரைவில் பூட் செய்யும்போது உங்கள் சி டிரைவ் டி என்றோ இ என்றோ மாறியிருக்கலாம். உள்ளே விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

இரண்டு டிஸ்கையும் ஒன்றாக மாட்டி விண்டோஸை ஓட்டாதீர்கள். இரண்டு டிஸ்கின் அடையாள எண்ணும் ஒன்றாக இருந்தால் விண்டோஸ் ஒரு டிஸ்கை ஆஃப்லைனில் தள்ளிவிடும்.

புதுசு

பழைய டிஸ்கில் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க் /ஆர் ஓட்டி, கெட்டுப்போன துண்டுகளை (பேட் செக்டர்) சரிசெய்துவிட்டு மறுபடி குளோன் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமே?

லினக்ஸ் கிறுக்கன்

தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். செக்டிஸ்க் /ஆர் காலி இடத்தையும் விடாமல் டிரைவ் முழுக்கப் படிக்கும், போகிற போக்கில் ஃபைல் சிஸ்டத்தையும் திருத்தி எழுதும். சாகக் கிடக்கிற டிஸ்கில் இன்னும் எத்தனை மணி நேரம் படிக்க முடியுமோ தெரியாது, அதைக் காலி இடத்துக்குச் செலவழிப்பானேன்?

கணக்கு எழுதுபவர்

பிசிடிபூட் வேலை செய்தது, விண்டோஸ் பறக்கிறது. போர்டு ரிப்பேர் சாருக்கு நன்றி. ஆனால் இப்போது வேறு தலைவலி. கணக்கு மென்பொருளான டேலி இஆர்பி 9-ல் ஒரே ஒரு கம்பெனி (ஒரு கடையின் கணக்கு) மட்டும் திறக்காமல் எர்ரர் அடிக்கிறது. பில் போட்டோக்கள் சில, மேல் பாதி சரியாகவும் கீழ்ப் பாதி சாம்பல் நிறமாகவும் இருக்கின்றன. ஃபைல் பெயர், தேதி, அளவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. எஸ்எஸ்டியில் செக்டிஸ்க் ஓட்டினேன், பிரச்சினை எதுவும் இல்லை என்கிறது.

லினக்ஸ் கிறுக்கன்

கடையில் போட்ட அந்த 'ஸ்கிப்' இதுதான். படிக்க முடியாத செக்டர் வந்தால், அந்த இடத்தைச் சுழியமாக விட்டுவிட்டு குளோன் மேலே போய்விடும். ஃபைலின் பெயரும் அளவும் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸின் அட்டவணையில் வேறிடத்தில் இருப்பதால் அவை பிழைத்துக்கொண்டன. செக்டிஸ்க் அந்த அமைப்பைத்தான் பார்க்கும், ஃபைலுக்குள் இருப்பது உங்கள் கணக்கா வெறும் சுழியமா என்று அதற்குத் தெரியாது.

பழைய டிஸ்கில் அதே ஃபைலைத் திறந்தால் 'படிக்க முடியவில்லை' என்று எர்ரராவது வரும். எஸ்எஸ்டியிலோ அந்தச் சுழியங்கள் ஒழுங்காகப் படிக்கப்படும், எச்சரிக்கையே வராது. நீங்கள் திறந்து பார்க்காத ஃபைல்களிலும் இப்படி ஓட்டை இருக்கலாம். விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்த்துத் திருத்த எஸ்எஃப்சி ஸ்கேன்நௌ கட்டளை போதும். உங்கள் டேட்டாவுக்கு அது உதவாது.

செய்ய வேண்டியது: எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டுப் பழைய டிஸ்கை லேப்டாப்புக்குள்ளேயே மாட்டுங்கள். யூஎஸ்பி கேஸ் வேண்டாம், பேட் செக்டரில் முட்டும்போது அடிக்கடி இணைப்பு அறுந்துபோகும். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, கொஞ்சம் பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்கில், கெட்ட டிஸ்கை மீட்கும் டிடிரெஸ்க்யூ மூலம் இமேஜ் (முழு டிஸ்கின் நகல், ஒரே ஃபைலாக) எடுங்கள். முதல் சுற்று -என் போட்டு, சுலபமாக வருவதை எல்லாம் எடுத்துவிடும். அடுத்த சுற்று -டி -ஆர்3, அடம்பிடிக்கும் செக்டர்களை மூன்று முறை மறுபடி முயலும். எது வந்தது, எது வரவில்லை என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கட்டாயம் கொடுங்கள், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளையில் மூலமும் இலக்கும் இடம் மாறினால் கதை முடிந்தது. டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டும் அளவையும் மாடலையும் பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

மேப் ஃபைலால் இன்னொரு லாபம். கடைசியில் மிஞ்சிய பேட் செக்டர்களை மட்டும், இமேஜில், டிடிரெஸ்க்யூவின் 'ஃபில்' மோடில் ஏதாவது ஒரு வினோதமான சொல்லால் நிரப்புங்கள். பிறகு இமேஜை எதுவும் எழுத முடியாதபடி (ரீட் ஒன்லியாக) டிரைவ் போலத் திறந்து, அந்தச் சொல் எந்தெந்த ஃபைலில் இருக்கிறது என்று சொல் தேடும் கட்டளையான கிரெப்பில் தேடினால், அடிபட்ட ஃபைல்களின் பட்டியல் கையில் வந்துவிடும். இது நானாகக் கண்டுபிடித்தது அல்ல, டிடிரெஸ்க்யூ கையேட்டிலேயே இருக்கிறது.

டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அது ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) கோளாறு, டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும்.

போர்டு ரிப்பேர்

அதுவரை டேலியில் அந்தக் கம்பெனிக்கு ரீரைட் (டேட்டாவைத் திருத்தி எழுதும் வசதி) அடிக்காதீர்கள் சார். அதற்கான கண்ட்ரோல் + ஆல்ட் + ஆர் கெட்டுப்போன வவுச்சரைத் (கணக்குப் பதிவை) தூக்கிப் போட்டுவிட்டு மீதியைக் கோத்துவிடும். கம்பெனி திறக்கும், ஆனால் எது போனது என்று பிறகு தேட வேண்டியிருக்கும்.

கணக்கு எழுதுபவர்

சத்தம் இல்லை, ராத்திரி முழுக்க ஓட விட்டேன். இரண்டாம் சுற்றில் விட்டுப்போனதில் பெரும்பகுதி வந்துவிட்டது. அடிபட்ட பட்டியலில் அந்த டேலி ஃபோல்டர் இல்லை! இமேஜிலிருந்து எடுத்துப் போட்டதும் கம்பெனி திறந்தது, கடைசியாக பிரிண்ட் எடுத்து வைத்திருந்த டிரையல் பேலன்ஸுடன் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) ஒத்துப்போகிறது. பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் பில் போட்டோக்கள், இரண்டு எக்செல் ஷீட்.

போர்டு ரிப்பேர்

கொள்முதல் பில்களை ஜிஎஸ்டி போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர்-2பியுடன் (விற்றவர்கள் பதிந்த பில்களிலிருந்து தானாக உருவாகும் பட்டியல்) ஒப்பிட்டு, இல்லாதவற்றுக்கு மட்டும் கடைக்காரர்களிடம் நகல் கேளுங்கள். பெரும்பாலும் வாட்ஸாப்பிலேயே கிடக்கும்.

கணக்கு எழுதுபவர்

சரி சார். பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்து பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா? எக்ஸ்சேஞ்ச் என்று ஒருவர் கேட்கிறார்.

லினக்ஸ் கிறுக்கன்

பேக்கப்புக்கு வேண்டவே வேண்டாம். எக்ஸ்சேஞ்சுக்கும் கொடுக்காதீர்கள், அடுத்தவர் கணக்கெல்லாம் அதில் இருக்கிறது. அந்த எக்செல் ஷீட் இரண்டும் கிடைக்கும் வரை கழற்றி வைத்திருங்கள், அப்புறம் டிஸ்குக்குள் இருக்கும் தட்டில் டிரில் போட்டுவிடலாம்.