விண்டோஸில் ஓடுகிறது, லினக்ஸில் இரண்டாவது முறை "பெர்மிஷன் டினைட்"

கேள்வி:
வணக்கம். மூன்று மாதமாக ராத்திரியில் உட்கார்ந்து ஒரு சின்ன சி லைப்ரரி எழுதி வருகிறேன். செட்டிங்குகளையும் லாகின் டோக்கனையும் (கடவுச்சொல்லுக்குப் பதிலாக நிற்கும் ரகசியச் சரம்) ஒரு ஃபைலில் எழுதி, கேட்கும்போது படித்துக் கொடுக்கும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் ஒரே கோடு.

விண்டோஸில் ஒரு குறையும் இல்லை. லினக்ஸ் லேப்டாப்பில் முதல் முறை ஓட்டினால் ஃபைலை உருவாக்கி, எழுதி, திரும்பப் படித்தும் காட்டுகிறது. மறுபடி ஓட்டினால் "பெர்மிஷன் டினைட்", அதாவது அனுமதி மறுப்பு. டாக்கருக்குள் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் கருவி) டெஸ்டுகள் எல்லாமே பாஸ்! ஓபன் ஃபங்ஷனுக்குப் படிக்க-எழுத, இல்லாவிட்டால் உருவாக்கு என்று ஃபிளாக் கொடுத்து, மூன்றாவதாக 644 என்ற மோடு (யார் படிக்கலாம், எழுதலாம் என்ற உரிமை எண்) கொடுக்கிறேன். பட்டியலிட்டுப் பார்த்தால் எனக்கு எழுத மட்டும், குரூப்புக்கு ஒன்றுமில்லை, மற்றவர்களுக்குப் படிக்க, கடைசியில் ஒரு பெரிய 'டி'. அது எங்கிருந்து வந்தது? இரண்டு ராத்திரி போய்விட்டது.

பதில் 1:
அந்த 'டி'தான் துப்பு. 644-க்கு முன்னால் பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறது. சி-யில் 0644 என்று எழுதினால்தான் ஆக்டல், அதாவது எட்டை அடிப்படையாகக் கொண்ட எண். வெறும் 644 சாதாரணப் பத்தடிமான எண்; அதை ஆக்டலாக மாற்றினால் 1204. அந்த 1 ஸ்டிக்கி பிட் என்ற தனி அடையாளம், அதாவது உங்கள் 'டி'. 2 உங்களுக்கு எழுத மட்டும். 4 மற்றவர்களுக்குப் படிக்க.

முதல் முறை ஓடியதற்குக் காரணம், ஃபைலை உருவாக்கிய அதே ஓபன், மோடு எதுவானாலும் நீங்கள் கேட்ட உரிமையோடு டிஸ்க்ரிப்டரை (திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்) கொடுத்துவிடும். டாக்கரில் டெஸ்ட் ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி) ஓடுகிறது என்று நினைக்கிறேன். ரூட்டை இந்த பிட்டுகள் நிறுத்தாது. விண்டோஸில் எழுதலாமா என்ற பிட் மட்டும்தான் கணக்கு, அதன் மதிப்பு 128 (ஆக்டலில் 0200). 644 என்பது 512, 128, 4 சேர்ந்தது. 128 உள்ளே இருந்ததால் அங்கே தப்பித்தீர்கள்.

பதில் 2:
பூஜ்யம் சேர்த்தாலும் 0644 வேண்டாம். உள்ளே இருப்பது டோக்கன், 0600 (உங்களுக்கு மட்டும் படிக்க-எழுத) போடுங்கள். விண்டோஸிலும் 0400 படிக்க, 0200 எழுத என்பதே மதிப்பு, ஆகவே அதே எண் இரண்டு பக்கமும் செல்லும்.

ஓபனை விட்டு எஃப்ஓபனுக்கு (சி-யின் இன்னொரு ஃபைல் திறக்கும் ஃபங்ஷன்) மாறிவிடலாம் என்று தோன்றும். மாறாதீர்கள். அது 0666-இல் யுமாஸ்க்கை (புது ஃபைல்களில் எந்த உரிமைகளை நீக்க வேண்டும் என்ற எண்) கழித்து உருவாக்கும்; பல மெஷின்களில் யுமாஸ்க் 022, ஆகவே மறுபடி 0644. யுமாஸ்க்கை லைப்ரரிக்குள் மாற்றுவதும் தப்பு. அது முழு ப்ராசஸுக்கும் (ஓடும் நிரல்) பொது, அதே நேரம் அதற்குள் இணையாக ஓடும் இன்னொரு த்ரெட் உருவாக்கும் ஃபைலையும் பாதிக்கும். ஓபனில் 0600 கொடுத்து, வந்த டிஸ்க்ரிப்டரை எஃப்டிஓபனிடம் கொடுங்கள்; எஃப்ஓபன் தருவது போன்ற ஃபைலை அது தரும்.

ஃபைல் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிறகு திறக்கிறீர்களா? அந்த இடைவெளியில் வேறொருவர் அதே பெயரில் ஒன்றை வைத்துவிடலாம். "உருவாக்கு" ஃபிளாக்கோடு "எக்ஸ்க்ளூசிவ்" சேர்த்தால் இருக்கிறதா என்று பார்ப்பதும் உருவாக்குவதும் ஒரே வீச்சில் முடியும்.

விண்டோஸில் பைனரி ஃபிளாக்கை (பைட்டுகளை மாற்றாமல் விடச் சொல்வது) மறக்க வேண்டாம். அது இல்லாத டெக்ஸ்ட் மோடில், எழுதும்போது வரி முடிவைக் குறிக்கும் ஒரு பைட் இரண்டு பைட்டாகிவிடும். படிக்கும்போது 26 என்ற பைட் வந்தால் ஃபைல் முடிந்தது என்று நின்றுவிடும். பிஎன்ஜி படங்களின் முதல் 8 பைட்டில் வரி முடிவுகளும் 26-உம் இருப்பது இந்தச் சேதத்தை உடனே கண்டுபிடிக்கத்தான். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது.

கேட்டவர்:
டாக்கர் ரூட்தான், சரியாகச் சொன்னீர்கள். 0600 போட்டும் என் லேப்டாப்பில் அதே பிழை வருகிறதே?

பதில் 1:
பழைய ஃபைல் அப்படியே இருக்கிறது. அந்த எண் புதிதாக உருவாக்கும்போது மட்டும்தான் செல்லும். உங்களிடம் அழித்தால் போதும். லைப்ரரியை வேறு யாராவது பயன்படுத்தினால், எழுத மட்டும் என்று திறந்து (அந்த உரிமை இருக்கிறது), எஃப்ஸ்டாட்டில் (ஃபைலின் விவரம் தரும் ஃபங்ஷன்) மோடு 1204-தானா என்று பார்த்து, எஃப்சிமோடில் (மோடை மாற்றும் ஃபங்ஷன்) 0600 ஆக்கி, மூடித் திரும்பத் திறங்கள்.

1204-இன் கடைசி 4-ஐ மறக்காதீர்கள். உங்களால் படிக்க முடியாத ஃபைலை அந்த மெஷினில் மற்றவர்கள் படித்திருக்கலாம். டோக்கனை ரத்து செய்து புதிதாக வாங்குங்கள்.

கேட்டவர்:
என் நண்பர்கள் இரண்டு பேர் இந்த லைப்ரரியை ஆபீஸ் சர்வரில் போட்டிருக்கிறார்கள். இப்போதே கூப்பிடுகிறேன்.