கிற்றாரில் இரைச்சல்: பிழை வீட்டு எர்த்திலா, பிக்கப்பிலா?

எட்டு வருடம் அக்கூஸ்டிக் வாசித்துவிட்டு இரண்டு மாதத்துக்கு முன்தான் எலக்ட்ரிக்குக்கு மாறினேன். கிற்றார் ஸ்ட்ராட் வகை, மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்), செகண்ட் ஹேண்ட். ஆம்ப் (கிற்றார் ஒலிபெருக்கி) வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஆம்ப் மாடலிங் (ஆம்பின் ஒலியைப் போலச் செய்வது) உள்ள மல்டி எஃபெக்ட்ஸ் பெடல், அதிலிருந்து ஹெட்போன்.

இடம் கல்லடி, பழைய வீடு. கிளீன் டோனில் பரவாயில்லை. கெய்னை (சிக்னலைப் பெருக்கும் அளவை) கூட்டினால் "ம்ம்ம்" என்று தொடர்ந்து இரைகிறது. கம்பியில் கை வைத்தால் பாதி அடங்கும், எடுத்தால் திரும்ப வரும். கதிரையோடு ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாலும் குறைகிறது, பேய் பிடித்த மாதிரி!

கேபிள் மாற்றியாச்சு. நொய்ஸ் கேட் (சிறு சத்தங்களை அடைக்கும் எஃபெக்ட்) போட்டேன். வாசிக்காதபோது அமைதி, ஆனால் நீட்டிப் பிடிக்கும் சுரத்தை வெட்டிவிடுகிறது. அடாப்டரைக் கழற்றி பற்றரியில் ஓட்டினேன், கொஞ்சம்தான் குறைந்தது. பிக்கப் சுவிட்ச் 2, 4இல் (இரண்டு பிக்கப் சேர்ந்து ஓடும் நிலைகள்) இரைச்சல் கிட்டத்தட்ட இல்லை. கிற்றார் கேபிளைக் கழற்றினால் பெடல் தனியே சத்தமே இல்லை. அறையில் எல்ஈடி பல்ப், ஃபேன் இரண்டையும் நிறுத்தியும் பார்த்தேன், அப்படியேதான்.

அண்ணாமார், அக்காமார், வயர்மேனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்ப்பதா, ஹம்பக்கர் (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள்) பிக்கப்புக்கு மாற்றுவதா, எதை முதலில் செய்ய?