காண்டோர் 2: ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக்கில் ட்ரிம் சரியில்லை, வேகத்தில் ஆடுகிறது, உதவி தேவை

கார்முகில்:
வணக்கம். ஜெர்மனியில் ஒரு கிளப்பில் ஏஎஸ்கே 21 என்ற இரட்டை இருக்கைப் பயிற்சி விமானத்தில் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) பழகுகிறேன். குளிர்காலத்தில் பறக்க வாய்ப்பில்லை என்பதால் வீட்டில் காண்டோர் 2 என்ற கிளைடர் சிமுலேட்டர் கேம். சாதாரண ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்கில் மணிக்கு 90 கி.மீ.-ல் போனாலும் 180-ல் போனாலும் கையில் ஒரே கனம்தான். அதனால் கேமின் விசையை மோட்டார் மூலம் கைக்குத் தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பேஸ் (ஸ்டிக்கின் அடிப்பாகம்) ஒன்று வாங்கி, 20 செ.மீ. நீட்டுக்குழாய் போட்டு, நாற்காலிக்கு முன்னால் முழங்கால்களுக்கு நடுவில் பொருத்தியிருக்கிறேன்.

இப்போது மூன்று தொல்லை. ட்ரிம்மை (கையை விட்டாலும் ஒரே வேகத்தில் பறக்க, ஸ்டிக் தானாக நிற்கும் இடத்தை மாற்றும் நெம்பு) முழுக்க முன்னே தள்ளினாலும் ஸ்டிக் கொஞ்சம்தான் நகர்கிறது, கையை விட்டால் வேகம் ஏறுவதில்லை. வேகமாகப் போகும்போது கையை எடுத்தால் ஸ்டிக் தானாகவே இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது, பிடித்தால்தான் நிற்கிறது. அப்புறம், 180-ல் இழுத்தால் ரொம்பக் கனமாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி இல்லை. டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டாயிற்று, யுஎஸ்பி போர்ட்டும் மாற்றிப் பார்த்தாயிற்று.

நீள்சிறகு:
இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கேமை மூடிவிட்டு, பேஸில் கரண்ட் இருக்கும்போது ஸ்டிக்கைச் சாய்த்து விடுங்கள். நடுவுக்குத் திரும்புகிறதா, சாய்ந்தபடியே கிடக்கிறதா? அப்புறம் கேமில் காற்றே இல்லாத ஒரு நாளை அமைத்து, ஏஎஸ்கே 21-ஐத் தரையில் நிறுத்தி, ஸ்டிக்கை இடவலமாக அசைத்துப் பாருங்கள்.

கார்முகில்:
இரண்டு இடத்திலும் அழுத்தமாக நடுவுக்கே வருகிறது சார்.

நீள்சிறகு:
அப்படியென்றால் முதல் தொல்லைக்கு விடை கிடைத்துவிட்டது. பேஸின் சொந்த ஸ்பிரிங் ஓடிக்கொண்டிருக்கிறது. நிற்கும் கிளைடரில் எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் பக்கவாட்டில் சாய்க்கும் பலகை) மேல் காற்று இல்லை, அங்கே நடுவுக்கு இழுக்க எதுவுமே இருக்கக் கூடாது. கேம் ஒரு பக்கம் "ட்ரிம்மின் புது நடு இங்கே" என்று இழுக்கிறது, பேஸ் "என் நடு இங்கே" என்று மறுபக்கம் இழுக்கிறது. ஸ்டிக் இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்கிறது.

பேஸோடு வந்த மென்பொருளில் ஸ்பிரிங், ஆட்டோ சென்டர் என்ற பெயரில் எது இருந்தாலும் பூஜ்யம் ஆக்குங்கள். கேம் ஓடாதபோது ஸ்டிக் தொய்ந்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அது பழுது இல்லை. காண்டோரின் அமைப்பில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் இயக்கத்தில் இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மோட்டார் ஸ்டிக் வாங்குவதன் முழுப் பலனும் இந்த ட்ரிம்மில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்கில் ட்ரிம் செய்யும்போது கை நடுவுக்குத் திரும்பியே ஆக வேண்டும், நிஜ கிளைடரில் அப்படி ஒரு பழக்கமே கிடையாது. அதை வீட்டில் ஊறவைத்துவிட்டால் உண்மையான காக்பிட்டில் போய் மாற்றுவது கஷ்டம்.

மின்பொறி:
ஆட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஸ்டிக்கின் இடம் கேமுக்குப் போய், கேம் விசையைக் கணக்கிட்டு, அது மோட்டாருக்குத் திரும்பி வருவதற்குள் சிறு தாமதம் இருக்கிறது. வேகம் கூடினால் விசை கூடுகிறது. தாமதமாக வரும் பெரிய விசை ஸ்டிக்கை நடுவைத் தாண்டித் தள்ளுகிறது, உடனே எதிர்ப்பக்கம் திருத்தம், அதுவும் தாமதம். உங்கள் கை அந்த ஆட்டத்தை விழுங்கிவிடுவதால்தான் பிடித்தால் நிற்கிறது.

பேஸின் மென்பொருளில் டேம்பர் (அசைவின் வேகத்தைத் தடுத்து அடக்கும் அமைப்பு) இருக்கும். குறைந்த அளவில் தொடங்கி, கையை விட்டால் ஓரிரு அசைவில் அடங்கும் வரை ஏற்றுங்கள், அதோடு நிறுத்திவிடுங்கள். கூடிப்போனால் தேனுக்குள் கரண்டி விட்ட மாதிரி ஆகி, நுண்ணிய விசை எல்லாம் மறைந்துவிடும். கொஞ்சம் ஃபிரிக்‌ஷனும் சேர்க்கலாம், நிஜத்திலும் ஸ்டிக்கின் அசைவைக் கடத்தும் தள்ளுதண்டுகளில் சிறிது உராய்வு உண்டு.

நீட்டுக்குழாயையும் கணக்கில் எடுங்கள். 9 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் பேஸ், 15 செ.மீ. உயரத்தில் பிடித்தால் 60 நியூட்டன் தரும். 45 செ.மீ. உயரத்தில் 20 நியூட்டன்தான். கனமில்லை என்று நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு இதனால் இருக்கலாம். ஆனாலும் குழாயைக் கழற்றச் சொல்ல மாட்டேன். நீளமான, நிதானமான அசைவுதான் கிளைடருக்குப் பொருந்தும்.

ஹடப்சர் காற்று:
புனே ஹடப்சர் கிளைடிங் மையத்தில் பழகியவன். தம்பி, மூன்றாவது கேள்வியில் பழுதே இல்லாமலும் இருக்கலாம்.

ஒரே அளவு சாய்த்தால், காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 90-லிருந்து 180-க்குப் போனால் நான்கு மடங்கு. ஆனால் 180-ல் அதே ஜி-யை (உடல் எடை எத்தனை மடங்காகத் தோன்றும் என்ற அளவு) எடுக்க எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) மிகக் குறைவாக அசைத்தாலே போதும். ஒன்று கூட, மற்றொன்று குறைய, ஒரு ஜி-க்கு ஆகும் கைவிசை ஏறக்குறைய அதேதான். இழுப்பு பாறையாகக் கனக்காதது இதனால்தான்.

பரிசோதிக்க எய்லரானே நல்லது. 90-ல் ஸ்டிக்கைப் பக்கவாட்டில் ஓர் அளவுக்குச் சாய்த்துப் பாருங்கள், 180-ல் அதே அளவு. வித்தியாசம் தெளிவாகத் தெரிய வேண்டும். அடுத்து 90-க்கு ட்ரிம் செய்துவிட்டு, ட்ரிம்மைத் தொடாமல் 130-ல் பிடித்து வையுங்கள். முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தள்ளல்தான் கண் வெளியே இருக்கும்போது வேகத்தைச் சொல்லும் அளவுகோல்.

அதிர்வு எஃபெக்ட்டுகளைக் குறைத்து வைப்பது நல்லது. தெர்மல் (மேலெழும் சூடான காற்று) தூக்குவது நிஜத்தில் உட்காரும் இருக்கையில்தான் முதலில் தெரியும், கையில் இல்லை.

பனித்துளி:
நடுவில் ஒரு கேள்வி. பழைய மைக்ரோசாஃப்ட் சைட்வைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

மின்பொறி:
நன்றாக ஓடுகிறது என்றால் வாங்கலாம், அது யுஎஸ்பி. அதற்கு முந்தைய ஃபோர்ஸ் ஃபீட்பேக் ப்ரோ, கேம்போர்ட் என்ற பழைய ஜாய்ஸ்டிக் துளையில் செருகுவது, அடாப்டர் இல்லாமல் இன்றைய கணினியில் ஓடாது. இன்னொன்று, பிடியில் கை இருப்பதை அறியும் சென்சார் உண்டு. கிளைடர்காரர்கள் விரல்நுனியால் பிடிப்பதால் அது மறையாமல் போய் விசை நின்றுவிடும். பலரும் சின்ன டேப் ஒட்டிவிடுகிறார்கள். கிளைடருக்கு எக்ஸ்-பிளேன் என்ற வேறு சிமுலேட்டருக்குப் போகும் எண்ணம் இருந்தால் தனி பிளகின் (கூடுதல் மென்பொருள்) தேவைப்படலாம், காண்டோருக்கு அந்தத் தொல்லை இல்லை.

கார்முகில்:
ஸ்பிரிங்கைப் பூஜ்யம் ஆக்கியதும் ட்ரிம் வேலை செய்கிறது! ட்ரிம்மைத் தள்ளினால் ஸ்டிக் கையோடு முன்னே போகிறது, 120-ல் கையை விட்டாலும் அங்கேயே நிற்கிறது. டேம்பரைக் கொஞ்சம் ஏற்றியதும் ஆட்டமும் அடங்கிவிட்டது. எய்லரான் வித்தியாசமும் தெரிகிறது. மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: மொத்த விசையை எவ்வளவு வைப்பது?

ஹடப்சர் காற்று:
ஏஎஸ்கே 21-ல் ட்ரிம் என்பது ஸ்பிரிங். அதனால் தரையிலேயே அளக்கலாம். சீசன் தொடங்கியதும் பயிற்றுநரின் அனுமதியோடு, பெட்டி எடைபோடும் கைத்தராசை ஸ்டிக்கின் மேல்முனையில் மாட்டி, ட்ரிம்மை முன்னே வைத்து மெதுவாகப் பின்னே இழுங்கள். எத்தனை செ.மீ. இழுத்தபோது எத்தனை கிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு ஸ்டிக்கிலும் அதே தராசை மாட்டி, தரையில் நிற்கும் கிளைடரில் அதே எண் வரும் வரை மொத்த விசையைத் திருத்துங்கள்.

கார்முகில்:
எங்கள் கிளப்பில் கண்டிப்பாக விடுவார்கள். அளந்து வந்து எண்களை இங்கேயே போடுகிறேன்.