ஃபோட்டோஷொப்பில் "கொழுந்து" உடைந்து வருகிறது, உதவி வேண்டும்

அட்டன் பிள்ளை:
வணக்கம். எங்கள் தோட்டத்து வாசிகசாலைக்கு சர்வதேச தேயிலை தினப் பேனர் செய்கிறேன். கையில் இருப்பது பழைய பேனரின் ஜேபெக் படம் மட்டும்தான், அதில் டிசம்பர் 15 என்று இருக்கிறது, ஐ.நா. 2019இல் மே 21 என்று அறிவித்த பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை. திகதியை மாற்றி, கீழே "கொழுந்து பறிக்கும் கைகளுக்கு வணக்கம்" என்று ஒரு வரி போட வேண்டும். எழுத்துக் கருவியால் திகதியைத் தொட்டால் பழைய எழுத்து திருத்த வரவில்லை, அதற்கு மேலேயே புதிது வந்து உட்காருகிறது. அடுத்தது, "கொழுந்து" என்று ஒட்டினால் முதலில் க, பிறகு கொம்பும் (ெ) அரவும் (ா) ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. போன வருஷம் டவுனில் ஒரு கடையில் இப்படியே உடைந்த எழுத்தோடு அடித்துத் தந்தார்கள். அம்மா 28 வருஷம் கொழுந்து பறித்தவர். அந்தச் சொல்லை உடைத்துத் தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை.

பண்டாரவளை ஸ்டூடியோ:
தங்கச்சி, உங்கள் எழுத்துருவில் பிழையில்லை. உங்களுடையது 2022க்கு முந்தைய ஃபோட்டோஷொப் பதிப்பென்றால், எடிட், பிரிஃபரன்சஸ், டைப் என்று போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதைத் தெரிவு செய்யுங்கள், இன்னும் பழைய சில பதிப்புகளில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்று இருக்கும். மென்பொருளை மூடித் திறந்து புது ஃபைலில் எழுதிப் பாருங்கள். ஏற்கெனவே எழுதிய லேயர் (அடுக்கு) சரியாகாவிட்டால் அதைத் தெரிவு செய்து, பரகிராஃப் பெனலின் மூலையில் இருக்கும் மெனுவில் அதே வேர்ல்ட்-ரெடியைப் போடுங்கள்.

திகதி விஷயம் வேறு. ஜேபெக்கில் எழுத்து எழுத்தாக இருக்காது, எல்லாம் நிறப் புள்ளிதான். பின்னணி ஒரே நிறமென்றால் ஐடிரொப்பரால் அந்த நிறத்தை எடுத்துப் பூசிவிட்டு மேலே எழுதலாம். தேயிலைச் செடி, மலை மாதிரிப் படமென்றால் குளோன் ஸ்டாம்ப், அதாவது பக்கத்துப் பகுதியைப் பிரதி எடுத்து மேலே பூசும் கருவி, ஆனால் புது லேயரில் செய்யுங்கள், கை தவறினாலும் மூலப்படம் தப்பும். முதலில் பேனர் செய்தவரிடம் பிஎஸ்டி, அதாவது ஃபோட்டோஷொப்பின் மூல ஃபைல் இருக்கிறதா என்று கேளுங்கள், எழுத்து லேயர் அப்படியே இருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

கொட்டகலை வாத்தியார்:
பிஎஸ்டி கிடைத்தாலும் ஒரு விஷயம் கவனம் பிள்ளை. பழையது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், அந்த எழுத்துரு உங்கள் கொம்பியூட்டரில் இல்லாதபோது, திருத்தப் போனால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், பயப்படாதீர்கள். பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், கொம்பு, க, அரவு என்றுதான் அடிப்போம், அதனால் எந்த அமைப்பும் மாற்றாமலே இத்தனை காலம் சரியாக வந்தது. இப்போது எல்லோரும் எழுதும் யுனிகோட் முறையில் க முதலில், ஒகரக் குறி பிறகு, அந்தக் குறியைப் பிரித்து இரண்டு பக்கமும் வைப்பது மென்பொருளின் வேலை. ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் அதை எந்த அமைப்பும் இல்லாமலே செய்யும், இலவசம், நான் பள்ளிக்கூட வேலை எல்லாம் அதில்தான் செய்கிறேன், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு போட்டால் தூரத்திலிருந்தும் தெளிவாக வாசிக்கலாம்.

அட்டன் பிள்ளை:
வந்துவிட்டது! அமைப்பை மாற்றியும் பழைய லேயர் அசையவில்லை, பரகிராஃப் பெனலில் மாற்றியதும் கொம்பு ஓடி வந்து கவுக்கு முன்னால் நின்றது. பிஎஸ்டி கிடைக்கவில்லை, திகதியைக் குளோன் பண்ணித்தான் அழித்தேன், மலை விளிம்பில் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தது. கடைக்கு எப்படிக் கொடுப்பது அண்ணே?

பண்டாரவளை ஸ்டூடியோ:
பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். பிஎஸ்டி கொடுத்தால் அவர்களிடம் உங்கள் எழுத்துரு இல்லாமல் மறுபடி உடையலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்ப வேண்டாம், சுருங்கிவிடும், டொகியுமென்டாக அனுப்புங்கள். அடிக்க முன் அவர்கள் திரையில் "கொழுந்து" எப்படித் தெரிகிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.