டெக்சாஸ் இன்-ஸ்டேட் கட்டணத் தடை: சரியா, தவறா?

குமரன்_கேட்டி:
தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டெக்சாஸில் மூன்று வருடம் வசித்து, இங்கேயே ஹைஸ்கூல் முடித்தவர்களுக்கு, குடியேற்ற ஆவணம் இல்லாவிட்டாலும் மாநில மாணவர்களுக்கான குறைந்த கல்லூரிக் கட்டணம் (இன்-ஸ்டேட்) தான் என்று 2001-ல் சட்டம் வந்தது. 2025 ஜூன் 4 அன்று மத்திய நீதித்துறை அதை எதிர்த்து வழக்குப் போட்டது. மாநில அரசு அன்றைக்கே ஒத்துக்கொண்டது, நீதிபதியும் அன்றைக்கே தடை போட்டுவிட்டார்.

இங்கே நிறைய பேர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. நான் 2011-ல் எச்1பி வேலை விசாவில் வந்தேன். ஒரு நாள்கூட ஸ்டேட்டஸ் தவறவிட்டதில்லை. கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நிற்கிறேன். மகளுக்கு 21 ஆகப்போகிறது. அதோடு என் விசாவைச் சார்ந்த எச்-4 போய்விடும், அவள் தனியாக எஃப்-1 மாணவர் விசா வாங்க வேண்டும். விதிப்படி நடந்த குடும்பத்துக்கு இந்த நிலை. விதியை மீறி வந்தவர்களுக்கு மாநிலம் ஏன் சலுகை தர வேண்டும்?

செல்வி_ஹூஸ்டன்:
குமரன் அண்ணா, உங்கள் கோபம் நியாயம்தான். 21 வயதில் பிள்ளைகளை வெளியே தள்ளும் விதி கொடுமையானது. ஆனால் அதைச் செய்தது இந்த மாணவர்கள் இல்லையே.

நான் ஒரு கம்யூனிட்டி காலேஜில் கணக்குச் சொல்லித்தருகிறேன். ஒரு பையன் சனிக்கிழமைகளில் அப்பாவோடு கூரை வேலைக்குப் போவான். திங்கட்கிழமை வரும்போது நகக்கண்ணில் தார் இருக்கும். இன்ஜினியரிங்குக்கு மாறுவதற்காக நான்கு பாடம் எடுத்திருந்தான். தடைக்குப் பிறகு ஆகஸ்டில் புதிய கட்டண பில் வந்தது. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான், ஒன்றும் பேசவில்லை. அங்கேயே உட்கார்ந்து மூன்று பாடங்களை நீக்கினான். அடுத்த வாரம் நான் இரவல் கொடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்தான். பென்சிலில் போட்ட கணக்கையெல்லாம் அழித்துச் சுத்தமாக வைத்திருந்தான்.

இவன் மூன்று வயதில் வந்தவன். எந்த விதியை மீறினான்? டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, முக்கியமாக விற்பனை வரியும் சொத்து வரியும்தான். அவன் வீட்டிலும் கடையில் வரி கட்டுகிறார்கள், வாடகை வழியாகச் சொத்து வரியும் போகிறது. பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை, மத்திய அரசுக் கடன் எதுவும் அவனுக்குக் கிடையாது. அவன் பெரிதும் நம்பியிருந்தது இந்தக் கட்டணத்தைத்தான்.

சட்டம்_பழகு:
இரண்டு பேருக்கும் ஒரு குறிப்பு. 1996-ன் மத்தியச் சட்டம் சொல்வது இது: ஒரு மாநிலத்தில் வசிப்பதை வைத்து, ஆவணம் இல்லாதவருக்கு உயர்கல்விச் சலுகை தரக்கூடாது, தந்தால் வேறு மாநில அமெரிக்கக் குடிமக்களுக்கும் அதே சலுகை தர வேண்டும். கலிபோர்னியா சட்டம் வசிப்பிடத்தைப் பார்க்காமல் அங்கே ஹைஸ்கூல் படித்ததைப் பார்க்கிறது. அதனால் 2010-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. டெக்சாஸ் சட்டம் வசிப்பிடத்தின் மீது நிற்கிறது. அங்கே பலவீனம் உண்டு, மறுக்க முடியாது.

ஆனால் வழக்கு நடந்த விதம் எனக்குச் சம்மதமில்லை. 24 வருடம் இருந்த சட்டத்தைக் காப்பாற்றி வாதாட அன்று நீதிமன்றத்தில் ஒருவர்கூட இல்லை. மாணவர்கள் தரப்பு மனுப் போட்டதே தீர்ப்புக்குப் பிறகுதான்.

இன்னொன்று, குமரன். உங்கள் மகள் எஃப்-1-க்கு மாறினாலும் டெக்சாஸில் இன்-ஸ்டேட் கட்டணம் கேட்கலாம். இங்கே மூன்று வருடம் இருந்து ஹைஸ்கூல் முடித்திருக்கிறாள் அல்லவா? அந்த வழிக்கு அடிப்படையே நீங்கள் எதிர்க்கும் 2001 சட்டம்தான். தடை, சட்டபூர்வமாக இல்லாதவர்களுக்கு மட்டும்.

குமரன்_கேட்டி:
இது எனக்குத் தெரியாது. நன்றி. விசாரிக்கிறேன்.

ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நாடாளுமன்றம் சட்டம் போட்டு இவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கட்டும், நான் எதிர்க்கமாட்டேன். மாநிலம் பக்கவாட்டில் கதவு திறக்கக்கூடாது.

செல்வி_ஹூஸ்டன்:
அண்ணா, சிறு வயதில் வந்த இவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி தரும் ட்ரீம் சட்ட மசோதா நாடாளுமன்றத்தில் முதலில் வந்ததும் அதே 2001-ல்தான். 2010-ல் செனட்டில் 55 வாக்கு கிடைத்தது, 60 தேவைப்பட்டது. 2001-ல் பதினெட்டு வயதானவருக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது.

பெயர்_வேண்டாம்:
இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் தமிழ்ப் பையன்தான். 2001-ல் ஐந்து வயதில் வந்தேன். அப்பாவுக்கு எச்1பி. 2003-ல் வேலை போனது, விசாவும் போனது. நாங்கள் திரும்பவில்லை. 15 வயதில் லேர்னர் லைசென்ஸ் கேட்டபோதுதான் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்காரவைத்துச் சொன்னார். தங்கை ஹூஸ்டனில் பிறந்தவள். ஒரே வீடு, அவளுக்குப் பெல் கிராண்ட் கிடைத்தது, எனக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இந்தக் கட்டணத்தால்தான் 2018-ல் டிகிரி முடித்தேன். 2007 ஜூனுக்கு முன்பே வந்துவிட்டதால் டாக்கா (சிறு வயதில் வந்தவர்களை நாடுகடத்தாமல் தற்காலிகமாக இருக்கவிடும் திட்டம்) கிடைத்தது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன். இப்போது ஹைஸ்கூல் முடிப்பவர்களில் அநேகமாக யாருக்கும் அதுவும் இல்லை.

குமரன்_கேட்டி:
தம்பி, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே 2003-ல் என் சித்தப்பாவுக்கும் வேலை போனது. காரை விற்று, சாமான்களைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு கோவைக்குத் திரும்பினார். அவர் பையன் அங்கே புதுப் பள்ளியில் தமிழ் எழுதத் தெரியாமல் இரண்டு வருடம் அழுதான். அந்தக் குடும்பத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

பெயர்_வேண்டாம்:
யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை, அங்கிள். உங்கள் சித்தப்பா செய்தது சரி. என் அப்பாவும் அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அந்த முடிவை அவர் எடுத்தபோது எனக்கு ஏழு வயது. டாக்கா இல்லாத பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: 18 வயதுக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆவணம் இல்லாமல் இருந்துவிட்டு வெளியேறினால் பத்து வருடம் திரும்பி வர முடியாது. வரிசையில் நிற்கலாம் என்றாலும், அவர்கள் நிற்பதற்கு ஒரு வரிசை இல்லை.

குமரன்_கேட்டி:
தீர்ப்பு பற்றி என் கருத்து மாறவில்லை. பத்து வருடத் தடை பற்றி யோசிக்க வேண்டும். செல்வி, அந்தப் பையன் வைத்துக்கொண்ட ஒரு பாடம் எது?

செல்வி_ஹூஸ்டன்:
டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், அண்ணா. புத்தகத்தை மறுபடி அவனிடமே கொடுத்துவிட்டேன். அழிக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.