மறுமொழி: ‘குழல் அழிப்பி’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

புற்றுநோய்க் கையேட்டின் சொற்பட்டியலில் பெருந்துறை அக்கா சேர்த்திருக்கும் ‘குழல் அழிப்பி’யை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கட்டிக்குப் புதிய இரத்தக் குழல்கள் முளைக்காமல் தடுக்கும் மருந்துக்கு அவர் வைத்த பெயர் அது. அந்த மருந்தைத் தனியாகக் கொடுக்கும்போது பெயர் ஓரளவு பொருந்தும். புற்று வந்தவர்களுக்கு, அதைத் தாக்க உடலின் எதிர்ப்புச் செல்களைப் பழக்கும் சிகிச்சைத் தடுப்பூசியோடு சேர்த்துக் கொடுக்கும்போது விஷயமே தலைகீழாகிவிடுகிறது.

கட்டிக்குப் புதிய இரத்தக் குழல்கள் முளைக்காமல் தடுத்தால் அது வளராது என்று 1971இல் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். அந்த வழியில் வந்த பெவாசிசுமாப் என்ற மருந்து 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ‘அழிப்பி’ என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் 2001இலேயே ராகேஷ் ஜெயின் என்ற ஆய்வாளர் வேறொன்றைச் சொல்லிவிட்டார்: கட்டியின் குழல்கள் கோணல்மாணலாகக் கசிந்துகொண்டிருப்பவை, அளவாக மருந்து கொடுத்தால் கொஞ்ச காலத்துக்கு அவை சீராகும்.

கீழ்பவானிக் கால்வாயின் கடைமடைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். கரை நெடுக உடைப்பும் கசிவுமாக இருந்தால் பக்கத்து வயல் சொதசொதத்துப் போகும், கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. கட்டிக்குள்ளும் கசிந்த நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது, ஆக்சிஜன் குறைகிறது, புற்றைத் தாக்கும் எதிர்ப்புச் செல்களான டி செல்கள் நுழையத் திணறுகின்றன. தடுப்பூசி பழக்கிவிட்ட டி செல்களும் அதே குழல்கள் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். வழியை அழித்துவிட்டோம் என்று நாமே எழுதினால், ‘அப்புறம் எப்படிங்க உள்ளே போகும்?’ என்று படிக்கிறவர் கேட்பார். நியாயமான கேள்விதானே?

குழல்களை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். புரதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. புற்றின் அடையாளத்தை டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் கிளைச்செல்களை அது முதிரவிடுவதில்லை. அதை அடக்கினால் தடுப்பூசிக்கு இரண்டு பக்கமும் கை கிடைக்கும் என்பதே இந்தக் கூட்டுச் சிகிச்சையின் எதிர்பார்ப்பு.

ஆகவே மருந்து வகைக்குக் ‘குழல்வளர் தடுப்பி’, அது தரும் விளைவுக்குக் ‘குழல் சீராக்கம்’. இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். ஏனென்றால் அதே மருந்து அளவு மிஞ்சினால் குழல்கள் ஒரேயடியாகக் குறைந்து, ஆக்சிஜன் இன்னும் வற்றிப்போகலாம்.

சரி, ‘தடுப்பூசி’க்கு வருகிறேன். ஈரோட்டில் ஒரு நோயாளியின் மருமகளிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். “தடுப்பூசின்னா நோவு வர்றதுக்கு முந்தியே போட்டிருக்கோணுமில்லீங்க? நாங்க உட்டுட்டமுங்களா?” என்று கேட்டார். கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டே இருந்தார். செய்யாத குற்றத்தை ஒரு குடும்பத்தின் தலையில் ஏற்றும் பெயர் நமக்கு எதற்கு? 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிபுலூசெல்-டி என்ற சிகிச்சைத் தடுப்பூசி, நோயாளியின் சொந்த இரத்தச் செல்களை எடுத்து, வெளியே பழக்கி, திரும்ப இரத்த நாளம் வழியே ஏற்றுவது. அதில் தடுப்பு எங்கே இருக்கிறது?

அதற்கு மாற்றாகப் பொள்ளாச்சி நண்பர் சொன்ன ‘குணமாக்கும் ஊசி’ அளவுக்கு மீறி வாக்குக் கொடுக்கிறது. முற்றிய சிறுநீரகப் புற்றில் ஐஎம்ஏ901 தடுப்பூசியைச் சுனிடினிப் என்ற குழல்வளர் தடுப்பியோடு சேர்த்துக் கொடுத்த மூன்றாம் கட்டச் சோதனையில், சுனிடினிப் மட்டும் பெற்றவர்களைவிட நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. என் யோசனை ‘புற்று எதிர்ப்பூட்டி’. அது, மருந்து என்ன செய்கிறது என்பதோடு நின்றுவிடும், மிகையில்லை.

குழல்கள் சீராக இருக்கும் அந்தக் குறுகிய காலத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். எதிர்ப்பூட்டியை எப்போது கொடுப்பது என்பது அதைப் பொறுத்தது. ‘சீர்ப்பருவம்’ என்று வைக்கலாமா? மாற்றுச் சொல் இருந்தால், பட்டியலை அச்சுக்கு அனுப்பும் முன் சொல்லுங்கள்.