சொல் விளங்காத பாட்டுகள்: 2024-இல் உங்களை எங்கே மறித்தன?

ஈசூன், பதினோராம் மாடி

டிசம்பர் பிறந்தால் ஆளுக்கொரு ‘சிறந்த பத்து’ போட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தத் திறமை கிடையாது. ஒரு பாட்டைக் கேட்டபோது கையில் என்ன பை இருந்தது, எந்த நிலையத்தில் இறங்க மறந்தேன் என்பதுதான் நினைவில் தங்குகிறது. ஆகவே பட்டியல் வேண்டாம், நடந்ததைக் கீழே எழுதுங்கள். இருட்டான மின்னிசை, ஷூகேஸ், இரண்டில் எதுவானாலும் சரி. இந்த ஆண்டு வந்த பாட்டாக இருந்தால் நல்லது. (இரைச்சலான கிட்டார் ஒலியில் குரல் அமிழ்ந்துபோகும் ராக் இசை அது. கிட்டார் ஒலியை மாற்றும், தரையிலுள்ள பெடல்களையே பார்த்தபடி குனிந்த தலை நிமிராமல் வாசிக்கிறார்கள் என்று கேலியாக வைத்த பெயர்தான் ஷூகேஸ். கேலி போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.)

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் ஐந்து கிலோ பொன்னி அரிசி, மறு கையில் மடிக்கணினிப் பை. படியேறினேன். காதில் மோல்சாத் தோமா. பெலாருஸ் நாட்டின் மின்ஸ்க் நகரத்து மூவர். 2017-இல் சேர்ந்தவர்கள், இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறார்கள். செப்டம்பர் 6 அன்று ‘பெலயா பலசா’ என்ற தொகுப்பை வெளியிட்டிருந்தார்கள். ‘வெள்ளைக் கோடு’ என்று பொருள். அடியில் டிரம் மெஷின் தடதடவென்று ஓடுகிறது, மேலே குளிர்ந்த சிந்தசைஸர், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கனத்த ஆண்குரல். ஆறாம் மாடியில் மூச்சு வாங்கியது. அரிசியைக் கீழே வைத்தேன். அடுத்த பாட்டு தொடங்கியது: ‘யா தாக் உஸ்தால்’. எனக்குத் தெரிந்த மூன்று நான்கு ரஷ்யத் தொடர்களில் அதுவும் ஒன்று. ‘நான் மிகவும் களைத்துவிட்டேன்.’

தனியாக நின்று சிரித்தேன். பிறகு நடைவழியைப் பார்த்தேன். செருப்பு அடுக்குகள், ஒரு வாசலில் துளசித் தொட்டி, அடுத்ததில் சிவப்புத் தாள் விளக்கு, அதற்கடுத்ததில் துணி காயும் மூங்கில் கழி. எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. மோல்சாத் தோமா என்றால் ‘வீடுகள் பேசாமலிருக்கின்றன’ என்று பொருள். 2018-இல் வந்த அவர்களுடைய ‘எதாஷி’ தொகுப்பின் பெயருக்கு ‘மாடிகள்’ என்று பொருள். அதன் அட்டையில் ஸ்லோவாக்கிய மலைப்பகுதியில் நிற்கும் ஒரு கான்கிரீட் ஓட்டலின் படம் இருக்கிறது. முதன்முதலில் பார்த்தபோது அதை ஏதோ வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக் என்றே நினைத்தேன். மின்ஸ்கின் பனியில் பிறந்த இசை ஈசூன் புழுக்கத்தில் எப்படிப் பொருந்துகிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பனியை விட்டுவிடுங்கள். மாடி பொருந்துகிறது.

ஓர் அசட்டுத்தனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ‘மாடிகள்’ தொகுப்பில் ‘சுட்னோ’ என்று ஒரு பாட்டு; 2020-இல் டிக்டாக் வழியாக உலகம் சுற்றியது. அதைக் கேட்டுக்கொண்டே மூன்று ஆண்டுகள் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் ஓரமாக மெதுவோட்டம் ஓடினேன். அந்தத் தாளத்துக்குக் கால் தானாகவே போகும். இந்த ஆண்டுதான் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். போரிஸ் ரீஷி என்ற ரஷ்யக் கவிஞரின் கவிதை அது. 2001-இல், 26 வயதில் இறந்துபோனவர். நோயாளியின் கட்டிலைச் சுற்றியுள்ள சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தொடங்குகிறது. சுட்னோ என்பது படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வைக்கும் மலப்பாத்திரம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் ஓடவில்லை. வீட்டில் முழங்கால் வலி என்று சொல்லிவைத்தேன். படிக்காமலே இருந்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

இன்னொன்று. தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 1, தி கியூர் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் புதிய தொகுப்பு வந்தது. 16 ஆண்டுகளுக்குப் பிறகு, எட்டே பாட்டுகள். அம்மா பலகாரச் சட்டியின் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் போட்டேன். முதல் பாட்டு ‘அலோன்’. மூன்று நிமிடத்துக்கு மேல் வெறும் இசைதான். “பாடுகிறவன் இன்னும் வரவில்லையா?” என்று கேட்டார் அம்மா. வருவான் என்றேன். அந்தக் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் தன் அண்ணன் இறந்ததைப் பற்றிப் பாடிய ‘ஐ கேன் நெவர் சே குட்பை’ வந்தபோது அது எதைப் பற்றியது என்று சொன்னேன். அம்மாவின் தம்பி போன ஆண்டு மன்னார்குடியில் காலமானார். நாங்கள் விமானம் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. “சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு” என்றார்.

துவாஸ், தங்குவிடுதி

சுட்னோ என்றால் கப்பல் என்றல்லவா நினைத்திருந்தேன்! பழுதுபார்க்க வந்த ஒரு கப்பலின் ரஷ்ய மாலுமி தரையில் காலைத் தட்டிக்காட்டி அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். அவர் என்னைக் கேலி செய்தாரா, இல்லை நீங்கள் தப்பாகப் படித்தீர்களா?

நான் கப்பல் பட்டறையில் கிரைண்டிங் வேலை செய்கிறேன். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். 2024-இல் வந்த பாட்டெல்லாம் எனக்குத் தெரியாது. 2024-இல் நான் கேட்ட பாட்டு 1991-இல் வந்தது, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கட்டில் வங்காளதேசத் தம்பி பழைய ஹெட்போன் ஒன்றைக் கொடுத்து, கேளுங்கள் அண்ணே என்றான். மை பிளடி வேலண்டைன் என்ற ஷூகேஸ் குழுவின் ‘லவ்லெஸ்’ தொகுப்பு. கேட்டேன். ஒரே இரைச்சல், நடுவில் சுருதி வழுக்கி வழுக்கிப் போகிறது. கழற்றிக் கொடுத்து, “ஒயர் அறுந்துவிட்டது தம்பி” என்றேன். அவன் கட்டிலில் உருண்டு சிரித்தான். அது அப்படித்தானாம். அந்த ஒலிக்காகவே இரண்டு ஆண்டுக்காலம் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்தார்களாம்.

மறுநாள் வேலையில்தான் அது எனக்குப் பிடிபட்டது. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணிநேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் மூன்று டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே காதுக்குள் அடைப்பான், அதன்மேல் மூடி. அப்படி அடைத்துக்கொண்டு தகட்டைத் தேய்க்கும்போது கிரைண்டரின் சத்தம் தொலைவில் கேட்கும். காற்று ஊதுகுழாய் ஒரு சுருதி, கிரைண்டர் ஒரு சுருதி. இரண்டும் உரசும் இடத்தில் யாரோ ஒரு பெண் மெல்லப் பாடுவதுபோல் இருக்கும். பல ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள். அந்தத் தொகுப்பில் ‘டு ஹியர் நோஸ் வென்’ என்ற பாட்டு அதே சத்தம்தான். ஒருவர் அதைப் பிடித்துப் பதிவே செய்துவைத்திருக்கிறார்.

எங்கள் ஊர்க் கோயிலில் நாயனக்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதுவார். ஒரே சுரம், மணிக்கணக்காக. கன்னம் உப்பியபடியே இருக்கும். சிறுவயதில் அவரைப் பார்த்துப் பாவப்படுவேன். இப்போது அவர் நின்றால் கச்சேரியே சரிந்துவிடும் என்று தெரிகிறது.

நோவீனா, இரவுப் பணி

துவாஸ் அண்ணனுக்கும் ஈசூன் அண்ணனுக்கும் சமாதானம் செய்துவைக்கிறேன். அகராதியைப் பார்த்தேன், இரண்டு பொருளும் சரி. ரஷ்ய மொழியில் கப்பலும் சுட்னோ, அந்தப் பாத்திரமும் சுட்னோ. அண்ணன் ஒன்றைத் தேய்க்கிறார், நான் மற்றொன்றைச் சுமக்கிறேன். கவிதையில் வருவது எனாமல் பூசிய பாத்திரம்; ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. எங்கள் வார்டில் காகிதக்கூழில் செய்தவை. ஒருமுறை பயன்படுத்தி இயந்திரத்தில் போட்டு அரைத்துவிடுவோம். கவிதைக்கு ஆகாது.

எனக்கு இந்த ஆண்டு கெல்லி லீ ஓவன்ஸ். வேல்ஸ் நாட்டு மின்னிசைக் கலைஞர். இசைக்கு வருமுன் மான்செஸ்டரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் துணைத் தாதியாக வேலை செய்தவர். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கேட்கத் தொடங்கினேன், பொய் சொல்லவில்லை. அக்டோபரில் வந்த ‘டிரீம்ஸ்டேட்’ இருட்டே இல்லாத தொகுப்பு என்று நீங்கள் தள்ளிவிடுவீர்கள். காலை ஏழரைக்குப் பணி முடிந்து, வேலைக்கு ஓடும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் காலி ரயிலில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். இருட்டைத் தேடிப் போகிறவர்களெல்லாம் பகலில் வேலை செய்கிறவர்கள்.

இருட்டுதான் வேண்டும் என்றால் அவருடைய 2022 தொகுப்பு ‘எல்பி.8’ இருக்கிறது. எனக்கு அது வேண்டாம். 2020-இல் தன் பாட்டியின் பெயரையே வைத்து ‘ஜனெட்’ என்று ஒரு பாட்டு செய்தார், அது போதும்.

தோ பாயோ, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நாற்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தமிழ் கற்பித்தவன் நான். சொல் விளங்காத பாட்டு ஒரு பாட்டா? குரலைக் கிணற்றில் இறக்கிவிட்டு மேலே கல்லைப் போட்டு மூடுவதற்குக் கவிஞன் எதற்கு?

ஆனாலும் அனுபவம் கேட்டீர்கள், சொல்கிறேன். எஸ்பிளனேட் கலை அரங்கில் நடக்கும் பேபீட்ஸ் இசை விழாவுக்குப் பேத்தி ஒருமுறை என்னை அழைத்துப் போனாள். டிக்கெட் கிடையாது, கடற்காற்று உண்டு, சரி என்று போனேன். இளைஞர்கள் நால்வர் வந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாசித்தார்கள். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் என்ன பாடுகிறார்கள் அம்மா என்று கேட்டேன். “எனக்கும் தெரியாது, நன்றாக இருக்கிறது அல்லவா?” என்றாள். வகுப்பில் நான் கேள்வி கேட்டு இப்படி ஒரு பதில் வந்திருந்தால் நிற்க வைத்திருப்பேன்.

அந்த ஒத்துக்காரர் செய்தி மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறுப்பதற்கில்லை.

பொங்கோல், படுக்கையறைக் கிட்டார்

ஐயா, கல்லைப் போட்டு மூடவில்லை. குரலைக் கிட்டாரின் உயரத்துக்கே வைக்கிறார்கள், அவ்வளவுதான். பாடுகிறவர் மெல்லப் பாடுவார். கிட்டார் அடுக்கடுக்காக வரும். அப்போது குரலும் ஒரு வாத்தியமாகிவிடும்.

துவாஸ் அண்ணன் வழுக்குகிறது என்றாரே, அதைச் செய்தவர் அந்தக் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ். மின்கிட்டாரில் கம்பிகளைத் தளர்த்தி இறுக்க ஒரு சிறு இரும்புப் பிடி உண்டு. மற்றவர்கள் அதைச் சுரத்தின் முடிவில் ஓர் அசைப்புக்குப் பயன்படுத்துவார்கள். அவர் அதைக் கையில் பிடித்தபடியே மீட்டினார். ஆகவே ஒவ்வொரு மீட்டலிலும் சுருதி கொஞ்சம் கீழே போய் மேலே வரும். அதன்மேல் எதிரொலியைத் தலைகீழாகப் போட்டார்; ஒலி தேய்ந்து மறைவதற்குப் பதில் வீங்கிக்கொண்டு வரும்.

இதைப் படித்துவிட்டு நானும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு பெடல் வாங்கினேன். ஒரு மாதச் சேமிப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் போட்டேன். கால் மணிநேரத்தில் கதவைத் தட்டினார் எதிர்வீட்டு சீன ஆன்ட்டி. “சுவரில் துளை போடுகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை கூடாது தெரியுமல்லவா?” இல்லை ஆன்ட்டி, இசை என்றேன். என்னைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். தவறு என்னுடையதுதான். பெடலுக்குப் பொருந்தாத மின்னிணைப்பியைச் செருகியிருந்தேன். கேட்டதில் பாதி வெறும் மின்சார ரீங்காரம். அந்த ரீங்காரமும் நன்றாகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

இந்த ஆண்டு என் பாட்டு: நியூயார்க் குழுவான டைவ், மே மாதம் வந்த ‘ஃபிராக் இன் பாய்லிங் வாட்டர்’ தொகுப்பில் ‘பிரவுன் பேப்பர் பேக்’. மெதுவாகச் சூடேறும் நீரில் தவளை தெரியாமலே வெந்துவிடும் என்ற உவமையிலிருந்து வந்த தலைப்பு. உண்மைத் தவளை தாவிவிடும் என்று என் அறிவியல் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பாட்டில் தாவவில்லை.

உள்ளூரை யாருமே சொல்லவில்லையே? அஸ்ட்ரியல் 1992-லேயே இங்கே தொடங்கிய குழு, நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு. 2006-இல் வந்த அவர்களுடைய தொகுப்பின் குறுந்தட்டு ஒன்று பழைய சாமான்களோடு எனக்குக் கிடைத்தது. வீட்டில் குறுந்தட்டு இயக்கி இல்லை. அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஈசூன், பதினோராம் மாடி

தம்பி, என்னிடம் இயக்கி இருக்கிறது. அப்பாவுடையது, மூடி மட்டும் ரப்பர் வளையத்தால் கட்டியிருக்கும். குறுந்தட்டைக் கொண்டு வாருங்கள்.

கப்பலா பாத்திரமா என்று தெரிந்த பிறகு நேற்று மறுபடி ஓடினேன். சுட்னோ வந்தபோது மாற்றவில்லை. இந்த முறை கப்பல் என்று வைத்துக்கொண்டேன், கால் போயிற்று. ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, சொல் தெரிந்தும் தப்பான பொருளை எடுத்துக்கொண்ட மாணவன் நான்.

துவாஸ் அண்ணே, வரும் ஞாயிறு உங்களுக்கு விடுப்பு என்றால் மாலை நான்கு மணிக்குத் தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைப் பக்கம் இருப்பேன். நல்ல ஹெட்போன் ஒன்று கொண்டுவருகிறேன், ஒயர் அறுந்ததல்ல. தம்பியையும் அழைத்து வாருங்கள். இரவுப் பணி அக்கா தூங்கட்டும், அவரை எழுப்ப வேண்டாம்.